சுவருக்குக் கட்டிய பல்

அந்தப் பல்செட்டுக்காரருக்குப் பொறாமை வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். பிறகு கழுத்து. அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோகும். ஒரு மணி நேரத்துக்கு அவர் வாயிலிருந்து "ம்" என்பதும் "இருக்கட்டும்" என்பதும் தவிர வேறொன்றும் வராது. நாற்பத்தாறு வயதுவரை அவருக்கு இந்த நோய் கிடையாது. சகலை வந்து வாய்த்த பிறகுதான் பிடித்தது.

அதுவரை தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த மனிதர். பதினேழு வயதில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் அச்சு வார்க்க மாவு குழைத்த கிண்ணங்களைக் கழுவச் சேர்ந்தார். கழுவிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே கற்றார், முப்பது வயதில் ஒரு மாடியில் ஒற்றை அறை பிடித்துச் சொந்தமாக லேப் வைத்துவிட்டார். ஜன்னலோரம் மேஜை, மேஜையில் பாலிஷ் மோட்டார், சுவரோரம் வரிசை வரிசையாக வெள்ளை மாவில் வார்த்த வாய்கள். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பல்லைக் கட்டித் திருப்பி அனுப்புவார்.

அவர் கட்டிய பல் அசையாது. ஒரு நீதிபதி அதைப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் தும்மியபோது மூக்குக்கண்ணாடி மூன்றாவது வரிசையில் போய் விழுந்தது, பல் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு பெரியவர் அந்தப் பல்லாலேயே சோடா பாட்டிலைத் திறக்கப் போக, பாட்டிலின் வாய்தான் உடைந்தது. இதையெல்லாம் நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட நன்றாகவே சொல்லுவேன்.

ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அதில் அவருக்கு மனக்குறை இருந்ததில்லை. கட்டின பல் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தம் என்பார்.

அவர் செய்ததிலேயே உச்சமான வேலை சொந்த மாமியாரின் வாயில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் மாமியார் மூச்சு வாங்க மாடியேறி லேபுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, கதவைச் சாத்துங்க."

சாத்தினார்.

"ஈறு பூரா போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாப் பல்லையும் எடுக்கணுமாம். நீங்கதான் செஞ்சு தரணும். ஆனா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. மாமாவுக்குத் தெரியக் கூடாது. முக்கியமா உங்க வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது."

"அவகிட்ட மறைச்சு எனக்குப் பழக்கமில்லையே, அத்தை."

"பழகிக்குங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். பல்லை எடுப்பதற்கு முன்பே அளவெடுத்து, செட்டைத் தயாராக வைத்திருந்து, எடுத்த அன்றே போட்டாயிற்று. மாமியாருக்கு மேல் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தக் கோணலையும் அப்படியே வைத்தார். நேராக வைப்பது யாராலும் முடியும். ஒரு ஆளுடைய கோணலை அச்சுப் பிசகாமல் வைப்பதற்குத்தான் கை வேண்டும். வீட்டில் கண் டாக்டரிடம் போவதாகப் பேச்சு. ஆறு முறை கண் டாக்டரிடம் போய் ஆறு முறையும் அதே பழைய கண்ணாடியோடு திரும்பியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒருவரும் கேட்கவில்லை.

இப்படியிருக்க, மூன்று வருடத்துக்கு முன்பு, காலம் தள்ளிப் பிறந்த மச்சினிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்கு மேலே ஆளைக் கம்பியில் தொங்கவிட்டு, அந்த ஆள் பயப்படாமல் கண்ணாடியில் தலைவாரிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்கிற உத்தியோகம். சிரித்த முகம், வஞ்சகமில்லாத மனசு. வஞ்சகம் கொஞ்சம் இருந்திருந்தாலாவது நம் பல்செட்டுக்காரருக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

மாமியார் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் கையில் சிவப்புக் கருவிப்பெட்டி இருந்தது. ஆடிக்கொண்டிருந்த அலமாரியை இறுக்கினார். அடுத்த வாரம் குளியலறைக் கண்ணாடி. அதற்கடுத்த வாரம் திரைச்சீலைக் கம்பி, சாவி மாட்டும் கொக்கி, செருப்பு அடுக்கும் பலகை. ஒரே மாதத்தில் தரையில் கிடந்த குடும்பத்தையே சுவரில் ஏற்றிவிட்டார். மாமியார் மெய்ம்மறந்து போனார்.

"சின்ன மாப்பிள்ளை கை வச்சா அசையாது," என்றார் சாப்பாட்டு மேஜையில்.

அதைச் சொல்லும்போது அவர் கடினமான ரொட்டியின் ஓரத்தைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தார். மென்றது பல்செட்டுக்காரரின் வேலை. மேலும் கீழும் சேர்த்து இருபத்தெட்டுப் பல், ஒன்றும் அசையவில்லை. அவர் காது சிவந்தது. "ம்," என்றார்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. சகலைக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் இவருக்குப் பசி அடங்கிவிடும். சகலையின் சிவப்புப் பெட்டி கூடத்து மூலையில் இருந்தால் கண் அங்கேயே போகும். ஒருமுறை யாரும் இல்லாதபோது அதைத் தூக்கிப் பார்த்தார்; கனத்தது. அதுவும் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து "உங்க வாயில இருக்கறது யார் வேலை, அத்தை?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், வீடே திரும்பிப் பார்க்கும். சத்தியம் குறுக்கே நின்றது. புகழ் கிடைக்காத ஆளைப் பார்த்திருப்பீர்கள். கிடைக்க வேண்டிய புகழ் கண்ணெதிரே தினமும் ரொட்டி மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் வேறு ஜாதி.

இந்த வருடம் மாமனார் மாமியாருக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம் நிறைந்தது. பெரிதாக ஒரு படம் எடுத்துச் சட்டம் போடக் கொடுத்தார்கள். ஒரு புதன்கிழமை படம் வந்து இறங்கியது. தேக்குச் சட்டம், கண்ணாடி, ஒரு ஆள் கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். பிரித்துப் பார்த்த பல்செட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். படமெடுத்தவன் ஸ்டூலிலிருந்து சறுக்கிய நொடியில் எடுத்தது போலிருக்கிறது. மாமனார் பதறிப்போய்ப் பார்க்க, மாமியார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தின் நட்டநடுவே, வெளிச்சம் பட்டு, அந்த ஏறி உட்கார்ந்த பல் உட்பட பத்துப் பல் வரிசையாகத் தெரிந்தன. அவர் கைவேலையைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தது போலிருந்தது.

"எவ்வளவு நல்லா வந்திருக்கு," என்றார் மாமியார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. சின்ன மாப்பிள்ளை காலையில வந்து மாட்டிடுவாரு."

"நான் மாட்டறேன்."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது பல்செட்டுக்காரர்தான்.

"நீங்களா?" என்றாள் அவர் மனைவி. "நம்ம வீட்ல கடிகாரம் நாலு வருஷமா நாற்காலி மேல உக்காந்திருக்கு. மணி பாக்கணும்னா குனியணும்."

"இருக்கட்டும்."

"உங்களுக்கு ஆணி அடிக்கத் தெரியாதுங்க."

"இருக்கட்டும். இந்தப் படத்தை நான்தான் மாட்டுவேன்."

மாப்பிள்ளை படத்தில் எதைப் பார்க்கிறார் என்பது மாமியாருக்குத் தெரியும். "சரி, அவரே மாட்டட்டும்," என்றார்.

தன் கை இருக்கிற படம் தன் கையாலேயே சுவரில் ஏற வேண்டும். "இது யார் மாட்டினது?" என்று யாராவது கேட்டால் தன்னைக் காட்ட வேண்டும். பல்லைப் பற்றித்தான் வாய் திறக்க முடியாது. ஆணியைப் பற்றியாவது சொல்லிக்கொள்ளலாமே. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஒரு அம்மாள். காதில் பென்சில், பேச்சில் அரம்.

"படம் மாட்டணும்," என்றார்.

"எத்தனை கிலோ?"

"எடை போடலைங்க."

"பொண்ணைப் பாக்காம தேதி குறிக்கறீங்க. வீட்ல எடை பாக்கற மெஷின் இருக்கா? படத்தைத் தூக்கிட்டு ஏறி நில்லுங்க. அப்புறம் படம் இல்லாம நில்லுங்க. கழிச்சா வர்றது படம். உங்க எடையைப் பாத்து மனசு உடைஞ்சா அதுக்குக் கடை பொறுப்பில்ல."

பதினான்கு கிலோ இருக்கும் என்று தூக்கிப் பார்த்த நினைவில் சொன்னார்.

"அப்ப ஆணியை மறந்துடுங்க. ஒரு தொங்கலும் ஆகாது, ரெண்டு இடத்துல தொங்கணும். சுவத்தைத் தட்டிப் பாருங்க. டொக்குனு கேட்டா கெட்டி. டப்டப்புனு கேட்டா உள்ள பொள்ளல், பூச்சு விட்டிருக்கு, அங்க வேண்டாம்."

இது அவருக்குப் புரிந்தது. பல் டாக்டரும் அப்படித்தான் தட்டுவார்.

"சுவிட்சுக்கு நேர் மேலயும் குழாய்க்கு நேர் மேலயும் துளை போடாதீங்க, உள்ள வயர் ஓடும், தண்ணி ஓடும். படத்தோட முதுகுல கொக்கி எங்க இருக்கோ அதைப் பேப்பர்ல குறிச்சு, பேப்பரைச் சுவத்துல ஒட்டி, அது மேலயே துளை போடுங்க. எவ்வளவு ஆழம்னு டிரில் பிட்டுல ஒரு டேப்பைச் சுத்திக்குங்க. தூசியை ஊதி எடுத்துட்டு இதை உள்ள தட்டுங்க." சாம்பல் நிறத்தில் நாலு பிளாஸ்டிக் பிளக்கை எடுத்துப் போட்டாள். உடம்பெல்லாம் முள் முள்ளாக, வாய் பிளந்துகொண்டு இருந்தன. "ஸ்க்ரூ முடுக்கும்போது இது உள்ளயே விரிஞ்சு சுவத்தைக் கவ்விக்கும். ஸ்க்ரூ தலை ரொம்ப வெளிய நீட்டக் கூடாது. கொக்கி மாட்டற அளவுக்கு இருந்தா போதும்."

பல்செட்டுக்காரர் ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுளித்தது.

"எல்லாச் சுவத்துக்கும் இதே அளவுதானா?"

"ஆமா."

"சுவத்துல அளவெடுக்க மாட்டீங்களா?"

அந்த அம்மாள் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவரை ஒருமுறை பார்த்து, மறுபடியும் காதில் செருகிக்கொண்டாள். "டிரில்லும் ரசமட்டமும் வாடகைக்குத் தர்றேன். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடுங்க," என்றாள்.

அன்று மத்தியானமே மாமியார் வீட்டில் காரியம் தொடங்கியது. தட்டினார், குறித்தார், ஒட்டினார். எல்லாம் மயிரிழை பிசகாமல் நடந்தது. டிரில் மட்டும் புதுக்குதிரை போல் திமிறியதில் துளை இரண்டும் வேண்டியதைவிட ஒரு நூல் பெரிதாகிவிட்டன. சாம்பல் பிளக்கைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது.

வேறு யாராக இருந்தாலும் பெரிய பிளக் வாங்கப் போயிருப்பார்கள். இவர் அந்தத் துளைகளுக்குள் எட்டிப் பார்த்தார். ஈரமில்லாத, பல்லில்லாத இரண்டு சின்ன வாய்கள். சகலை இத்தனை காலம் இந்த ஊர்ப்பொதுப் பிளக்கைச் செருகித்தானா பேர் வாங்கியிருக்கிறார் என்று நினைத்தபோது அவருக்குப் பொறாமையோடு ஏளனமும் சேர்ந்துகொண்டது. அளவெடுக்காமல் செருகியதற்கே இவ்வளவு புகழ் என்றால், அளவெடுத்துச் செருகினால்?

லேபுக்கு ஓடிப்போய் அளவெடுக்கும் பசையைக் கொண்டுவந்தார். குழைத்து, துளைக்குள் அடைத்து, இறுகியதும் மெல்ல உருவினார். சுவர் நாக்கை நீட்டியது போல் இரண்டு அச்சு வந்தன. மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி மூக்குக்கு மேலால் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

"சுவத்துக்கு அளவெடுக்கறேன், மாமா."

"ஓ," என்று செய்தித்தாளை ஏற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை லேபில் வந்த வேலையை எல்லாம் ஒதுக்கினார். அச்சை மாவில் வார்த்து, பல்செட்டுக்கு ஈறு செய்கிற அதே ரோஸ் அக்ரிலிக்கை அடைத்து, வெந்நீரில் இறுகவைத்து, அரத்தால் சீவினார். இரண்டு பிளக். நடுவில் ஸ்க்ரூவுக்குத் துளை. பிறகு, இருபது வருடமாக எந்த வேலையை முடித்தாலும் கடைசியில் கை தானாகச் செய்கிற காரியத்தைச் செய்தார்: மோட்டாரைப் போட்டு, இரண்டையும் கண்ணாடி போல் பாலிஷ் போட்டார். வாய்க்குள் போகிற பொருளில் சொரசொரப்பு இருந்தால் ஈறு புண்ணாகுமே.

சனிக்கிழமை காலை பிளக்குகள் துளைக்குள் 'க்ளுக்' என்று போய் உட்கார்ந்தன. காற்றுப் புக இடமில்லை. ஸ்க்ரூவை முடுக்கினார், தலை நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு விரல் நீளம் வெளியே விட்டார். மாமனார் ஒருபக்கம் பிடிக்கப் படம் ஏறியது. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவே நின்றது. கீழே இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அன்றைக்கு அவர் வீடு திரும்பியபோது கடைத்தெருவில் கால் தரையில் படவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சகலை சிவப்புப் பெட்டியோடு வந்தார். வாசலைத் தாண்டியதும் நின்றார்.

"அட, மாட்டியாச்சா. யார் மாட்டினது?"

"நான்தான்," என்றார் பல்செட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

சகலை பெட்டியிலிருந்து தன் ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். "அண்ணே, குமிழி நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. எனக்கே இப்படி வராது. நான் சும்மாதான் பெட்டியைச் சுமந்துட்டு வந்தேன்." உண்மையான சந்தோஷத்தோடு தோளில் தட்டினார். மாமியார் படத்துக்கு நேர் கீழே சோபாவில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் "பெரிய மாப்பிள்ளை மாட்டினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரருக்கு அது தேன் போல் இறங்கியது. சகலையின் முகத்தில் கொஞ்சமாவது வாட்டம் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் தேடினார். தெரியவில்லை. அது ஒன்றுதான் குறை.

அந்த வீட்டு வாசற்கதவு காற்றுக்கு அறைந்து சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு உறவினராக வர வர, கதவு அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் சுவர் அதிர்ந்தது. நாலாவது அறைக்குப் பிறகு பல்செட்டுக்காரர் படத்தின் பக்கவாட்டைப் பார்த்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ரோஸ் வளையம் தெரிந்தது. முதலில் கண் மயக்கம் என்று நினைத்தார். கதவு மறுபடி அறைந்தது. வளையம் ஒரு நூல் தடித்தது.

"படத்தை இறக்கணும்" என்று சொன்னால் இரண்டு மணி நேரத்துப் புகழ் அத்தோடு போயிற்று. இறக்கி மாட்டுவது யாராக இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். சொல்லாவிட்டால் பதினான்கு கிலோவும் மாமியார் தலையில்.

"அத்தை, இங்க காத்து வரலையே. அந்த நாற்காலிக்கு வாங்களேன்."

"நல்லாத்தான் வருது, மாப்பிள்ளை."

"வெயில் மூஞ்சில அடிக்குது பாருங்க."

"இங்க வெயில் எங்க வருது? உங்களுக்கு என்ன ஆச்சு? உக்காருங்க."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அடுத்த அறை வரப்போகிறது. அவர் பாய்ந்துபோய்ச் சட்டத்தின் ஒருபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் அந்தப் பக்கத்துப் பிளக் ஸ்க்ரூவோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது. கனம் மொத்தமும் கையில் இறங்கியது.

"சகலை," என்றார் மெல்லிய குரலில். மூன்று வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சகலை ஒரே எட்டில் வந்து மறுபக்கத்தைத் தாங்கினார். இரண்டாவது பிளக்கும் வழுக்கி வெளியே வந்து, மாமியார் மடியில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, எழுந்து நின்றுவிட்டார். அதற்குள் மச்சினி பிளக்கை எடுத்து விரலிடுக்கில் பிடித்துத் தூக்கினாள்.

"ஐய, என்ன இது? ஈறு மாதிரி இருக்கு. அத்தான், சுவத்துக்குப் பல்லா கட்டினீங்க?"

கூடமே சிரித்தது. சகலை மட்டும் சிரிக்காமல் எட்டிப் பார்த்தார். "அளவு கச்சிதம்தாண்ணே. ஆனா வழவழன்னு இருக்கே. சொரசொரப்பா இருந்தாத்தான சுவத்தைப் பிடிக்கும்? விரியவும் விரியாது இது. ஸ்க்ரூவும் ரொம்ப நீட்டிட்டு இருக்கு. கொஞ்சம் யாராவது சோபாவை நகத்துங்க, இறக்கி வச்சிடலாம்."

யாரும் நகர்த்தவில்லை. மச்சினிக்கு இன்னும் ஆசை தீரவில்லை. "நீங்க வாயில கட்டற பல்லும் இப்படித்தானா, அத்தான்? கதவைச் சாத்தினா விழுந்துடுமா? பாவம், போட்டுக்கிட்டவங்க எல்லாம் வாசல்பக்கமே வர முடியாது போல."

மறுபடியும் சிரிப்பு. பல்செட்டுக்காரர் கையில் படம். படத்தில் அவர் கட்டிய பத்துப் பல். அவர் காதும் கழுத்தும் செங்கல் நிறத்துக்குப் போயின.

"இந்தப் படத்துல தெரியுதே, இந்தச் சிரிப்பு," என்று ஆரம்பித்தார்.

மாமியார் அவரைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பல்செட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்ததை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்குவது லேசான காரியமில்லை. தொண்டையில் இறங்குவது வெளியே தெரிந்தது.

"சிரிப்புக்கு என்ன?" என்றாள் மச்சினி.

"நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

மாமியார் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். "அவர் கட்டற பல்லு விழாதுடி," என்றார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பினார். கை வாயருகே போனது. திரும்பியபோது கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. உள்ளங்கையில் மேல் வரிசை ஈரத்தோடு மினுங்கியது.

"பன்னெண்டு வருஷம்," என்றார், காற்றுக் கலந்த குரலில். "இந்தக் கதவு எத்தனை தடவை அறைஞ்சிருக்கும்? நானே எத்தனை தடவை கத்தியிருக்கேன் உங்ககிட்டல்லாம்? ஒருநாள் அசைஞ்சதில்ல. அவரை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது." பல்லை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார் மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"என்ன தெரியும்?"

"ஒரே ரூம்ல படுக்கறோம். மூடி போட்ட கிண்ணத்தைத் தினமும் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டறே. உள்ள நகையா இருக்கும்னு ஒருநாள் திறந்து பாத்தேன். அன்னிக்குப் போன தூக்கம் ரெண்டு நாள் வரல."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல் கூடம் திகைத்து நின்றது. முதலில் வாய் திறந்தவர் சகலை. படத்தைத் தாங்கியபடியே கழுத்தை நீட்டி மாமியாரைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார், மறுபடியும் மாமியாரைப் பார்த்தார். "அண்ணே, அந்த ஏறின பல்லு... அதையும் நீங்களா வச்சீங்க? வேணும்னே கோணலா வச்சீங்களா? லிஃப்ட்டே மாசம் ஒரு தடவை சர்வீஸ் கேக்கும். பன்னெண்டு வருஷமாண்ணே." அவர் முகத்தில் பல்செட்டுக்காரர் காலையிலிருந்து தேடிய அந்த வாட்டம் இப்போது வந்திருந்தது. பொறாமையேதான். சகலைக்கும் அது காதில்தான் வரும் போலிருக்கிறது.

அதை ரசிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுக்களை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"பன்னெண்டு வருஷமாவா?" என்றாள்.

"அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க."

"வாரா வாரம் வந்து எங்க அம்மாவுக்குத் தலை வாரி விடறேன். கால் வலின்னா தைலம் தேய்க்கறேன். அவங்க உடம்புல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறேன்." குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவங்க வாய்க்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்ப நான் யாரு இந்த வீட்ல?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். பாத்திரங்கள் விழுகிற சத்தம் கேட்டது. இல்லை, போடுகிற சத்தம்.

ஒருவழியாக யாரோ சோபாவை நகர்த்தினார்கள். படம் தரையில் சுவரோடு சாய்ந்தது. சகலை அதற்குள் சிவப்புப் பெட்டியைத் திறந்து தடித்த பிளக் நாலு எடுத்துவிட்டார். "அண்ணே, துளையை நான் கொஞ்சம் ஆழமாப் போட்டுத் தர்றேன். பிளக்கு வச்சு, ஸ்க்ரூ முடுக்கறது நீங்கதான் செய்யணும். உங்க கை இருக்கற படம், நீங்கதான் மாட்டணும்."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். புதன்கிழமையிலிருந்து, இல்லை, மூன்று வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். யாரும் தராததைச் சகலையே ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து நீட்டினார். பல்செட்டுக்காரர் அதை வாங்கினார், கைப்பிடியை ஒருமுறை தடவினார், திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே மாட்டிடுங்க, சகலை."

"அண்ணே, நேரா வருமா வராதான்னு நீங்க நின்னு—"

"வரும். உங்களுக்கு வரும்."

அடுக்களையில் மனைவி சுத்தமாக இருந்த தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அவர் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கூடத்தில் டிரில் சத்தம் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது.

"என்கிட்ட ஏன் மறைச்சாங்க?" என்றாள் கடைசியில்.

"நீ அழுவேன்னு பயந்தாங்க. அன்னிக்குச் சத்தியம் வாங்கினப்ப அதைத்தான் முக்கியமாச் சொன்னாங்க. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வெக்கம், உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க."

"ஆமா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். கண்ணீரைப் புறங்கையால் துடைத்ததில் கன்னத்தில் சோப்பு ஒட்டிக்கொண்டது. கூடத்திலிருந்து "சின்ன மாப்பிள்ளை கை வச்சா அசையாது" என்று யாரோ சொல்லுவது கேட்டது. அவர் துணியைப் பிழிந்தார், கொஞ்சம் வேண்டியதற்கு மேலேயே பிழிந்தார், ஆனால் திரும்பவில்லை.

"அடுத்த தடவை எப்ப வரச் சொல்லியிருக்கீங்க, அம்மாவை?"

"செவ்வாய்க்கிழமை. கீழ் வரிசையைக் கொஞ்சம் சரிபாக்கணும்."

"நானும் வருவேன். வெளியில பெஞ்சுல உக்கார மாட்டேன். உள்ள நின்னு பாப்பேன். அம்மா வாயைத் திறக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டு பாதியில் நின்றது.

"என்னது?"

"வா," என்றார்.